ஒரு பொய்க்கு மேல் கூடாது

பல்செட் செய்கிறவரைக் கொன்றவன் முதலில் அவருடைய பற்களைத்தான் உடைத்திருந்தான். அப்புறம் வலது முழங்கை. அப்புறம் முழங்கால் இரண்டும். மண்டைக்குக் கடைசியில்தான் வந்திருக்கிறான்.

இதைச் சொன்னவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண். போன சனிக்கிழமை அந்த உடம்பைப் படம் எடுத்ததே அவள்தான். மேஜையில் கிடப்பது தன் சிநேகிதர் என்று ஒருவரிடமும் சொல்லாமல் பதினோரு படங்களை எடுத்து முடித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாளாம். இப்போது வியாழக்கிழமை காலை பத்தரை மணி. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்தில், வலது கையில் ஈரம் காயாத மாவுக்கட்டோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே சர்வேயரம்மா. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கேஸ்களைத் தோண்டித் துருவி, எவன் நிஜமாகவே விழுந்தான், எவன் விழுந்ததாக நடிக்கிறான் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். வேலையை விட்டார், குணத்தை விடவில்லை. பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றவன் அவருடைய உதவியாளன். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவன். வண்டியில் சைரன் ரிப்பேர் ஆனால்கூட இவன் வாய் போதும் என்று ஆஸ்பத்திரியில் கிண்டல் செய்து செய்து, அவன் பெயரே சைரன் என்று ஆகிவிட்டது.

அன்று காலை ஏழு மணிக்கு அவள் வேலைக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தியபோது, ஹெல்மெட் போட்ட ஒருவன் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து அவளைச் சுவரோடு அமுக்கினான். அவள் கையை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து, தட்டையான ஒரு இரும்பால் விரல் மேல் அடித்தான். அடித்துவிட்டுத்தான் கேள்வியே கேட்டான். எலும்பு எங்கே? தெரியாது என்றாள். அடுத்த விரல். அது விளையாட்டு, என்னிடம் எதுவும் இல்லை என்று கதறினாள். அடுத்த விரல். நான்காவதுக்கு ஓங்கியபோது சலவை வேன் ஒன்று கேட்டுக்குள் திரும்பி ஹாரன் அடித்தது. அவன் அவள் காதோடு காதாகப் பேசிவிட்டு மதிலேறிக் குதித்துவிட்டான்.

"சாயங்காலத்துக்குள்ள எடுத்து வை. அடுத்த தடவை கை இல்ல, தலை. இதான் மேடம் அவன் சொன்னது," என்றாள்.

போலீஸிடம் போனாளாம். பர்ஸ் பறிக்க வந்தவனாக இருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். பல்செட்காரரைக் கொன்றது மாடியில் குடியிருக்கும் அவருடைய தம்பி. வீட்டைப் பாகம் பிரிப்பதில் இருவருக்கும் தகராறு. தம்பி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து லாக்கப்பில் இருக்கிறான். ஆகவே இது வேறு, அது வேறு. இவ்வளவுதான் அவர்கள் கண்ட முடிவு.

"பர்ஸ் இருக்கா?" என்று சைரன் கேட்டான்.

இடது கையால் தூக்கிக் காட்டினாள்.

"பர்ஸைத் தொடாத பர்ஸ் திருடன். தொழிலுக்குப் புதுசு போல."

சர்வேயரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவனுக்கு உள்ளுக்குள் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அடிபட்டவர்களை எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியவன். தவறி விழுந்து உடைந்த விரலும் ஒருத்தன் உட்கார்ந்து எண்ணி உடைத்த விரலும் ஒன்றல்ல என்று அவனுக்குத் தெரியும்.

"எலும்புன்னு ஏன் கேட்டான்?" என்றார் சர்வேயரம்மா.

அவள் போனை எடுத்து மேஜையில் வைத்தாள். தலைகுனிந்தபடி கதையைச் சொன்னாள்.

இடிந்த மதில் என்று இணையத்தில் ஒரு குழு. சரித்திரப் பைத்தியங்கள் இருநூறு பேர். பழைய கோட்டை, பழைய சண்டை, எந்த ராஜா எந்த ராஜாவை எந்த ஆற்றங்கரையில் வெட்டினான் என்று எட்டு வருஷமாக ஓயாத அரட்டை. ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவள் காவல்கோபுரம். இறந்துபோனவர் அகழி. பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. இவளும் அகழியும் மட்டும், ஒரே ஊர் என்று தெரிந்த பிறகு, மாதம் ஒருமுறை காபி சாப்பிடுவார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கதை சொல்கிறவர் உள்ளே ஒரே ஒரு பொய்யைக் கலந்து வைக்க வேண்டும். மற்றவர்கள் அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடை. சரியாகச் சொன்னவருக்கு ஒரு புள்ளி. ஐம்பது வயதுக்காரர்கள் இந்தப் புள்ளிக்காக வீட்டில் அடுப்பை அணைக்க மறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார்களாம்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அகழி எழுதியதை சைரன் வாசித்தான். "நண்பர்களே, பழைய குதிரைப்படை லாயத்தை இடிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டு ஞாயித்துக்கிழமை போனேன். பின்பக்கம் பாழுங்கிணறு. கயிறு கட்டி இறங்கினேன். அடியில கிடைச்சது ஒரு லாடம், ரெண்டு பித்தளைப் பொத்தான், ஒரு மனுஷத் தாடை. கீழ்த்தாடை. ரெண்டு கடைவாய்ப் பல்லுக்கு நடுவுல செயற்கைப் பல் ஒண்ணு கட்டியிருக்கு. கட்டினவன் கெட்டிக்காரன். தாடையைக் காவல்கோபுரத்துக்கிட்ட குடுத்திருக்கேன், படம் எடுத்துச் சொல்லும். உள்ள ஒரு பொய் இருக்கு. பிடிங்க பாக்கலாம்."

அதற்குக் கீழே ஒரே கும்மாளம். பீரங்கி என்று ஒருவர், உன் தொப்பைக்கு அந்தக் கிணறு தாங்காது, இருந்தாலும் என் ஓட்டு தாடைக்குத்தான் என்று எழுதியிருந்தார். நாலாம் படை என்பவர், குதிரைக்குப் பல் கட்டிய ராஜா யார் என்று கேட்டிருந்தார். நடுவில் காவல்கோபுரத்தின் பதில்: படம் எடுத்தாச்சு. பல் பேசுது. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் சொல்லிடும்.

"இது நீங்களா சிஸ்டர்?"

"நான்தான்," என்று அழுதாள். "எனக்கு அவர் எதுவும் குடுக்கல. அதனால பொய் எதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சும்மா விளையாட்டுக்கு ஒத்து ஊதினேன். தாடையே கிடையாதுண்ணா. இல்லாத தாடைக்காக அவரை அடிச்சே கொன்னுட்டான். என்னையும் கொல்லுவான். இல்லாததை நான் எங்கேர்ந்து எடுத்து வைக்கிறது?"

சர்வேயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தால் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒருத்தர் ரெண்டு பொய் போட்டா என்ன ஆகும் என்று கேட்டார்.

அதெல்லாம் கூடவே கூடாது என்றாள் அவள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஆள் தெரியாமல் இரண்டு பொய் போட்டுவிட்டான். அகழி பதினாறு நாள் சண்டை போட்டு, அவனைக் குழுவுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டுத்தான் தூங்கினார். அந்த விஷயத்தில் அவர் சுத்தம்.

"அப்ப எண்ணிப் பாருங்க," என்றார் சர்வேயரம்மா. "உங்ககிட்ட குடுத்தேன்னு எழுதினது பொய். அது ஒண்ணு. அவர் ஒண்ணுக்கு மேல போட மாட்டார்."

சைரன் விரல் விட்டு எண்ணினான். "லாயம் நிஜம். கிணறு நிஜம். லாடம் நிஜம். பொத்தான் நிஜம்." அடுத்த விரலை மடக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

எக்ஸ்ரே பெண் நிமிர்ந்தாள். "தாடை இருக்கா?" என்றாள்.

"இருக்கு. அகழி மத்தவங்க வேலையைப் பாராட்டுவாரா?"

"சாகற வரைக்கும் யாரையும் பாராட்டினதில்ல மேடம்."

"கட்டினவன் கெட்டிக்காரன்னு எழுதியிருக்காரே. தன்னைத் தவிர வேற யாரைச் சொல்லுவார்? அந்தப் பல்லைக் கட்டினதே அவர்தான். அப்படின்னா அந்தத் தாடைக்கு ஒரு பேர் இருக்கு. அந்தப் பேர் அவர் பட்டறை நோட்டுல இருக்கு. கிளம்புங்க. சைரன், கீழ போய் இந்த அரட்டை முழுசையும் பிரிண்ட் எடு. ஒரு பக்கம் விடாம."

* * *

பட்டறை ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். அகழியின் தம்பி மனைவி மாடியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். போலீஸ் செவ்வாய்க்கிழமையே வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டதாம். தன் புருஷனுக்கு வாய்தான் நீளமே தவிர அண்ணன் மேல் கை வைக்கிற ஆளில்லை என்று சொல்லிவிட்டு, சர்வேயரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவே இல்லை.

எக்ஸ்ரே பெண் உள்ளே வர மாட்டேன் என்றாள். அந்த அறையை அவள் பார்க்க வேண்டியதும் இல்லை. காரின் பின்சீட்டில் உட்கார வைத்து, கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தார்கள். பட்டப்பகல், ஆள் நடமாட்டமுள்ள தெரு, எதிரே மருந்துக்கடை. சைரன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

உள்ளே ரத்தம் இன்னும் கழுவப்படவில்லை. பல்செட்டைத் தேய்க்கிற மோட்டாருக்கு அடியில் ஆரம்பித்து, சுவர் ஓரமாக இழுபட்டு, ஜன்னலுக்குக் கீழே பெரிய கறையாக முடிந்திருந்தது. பாவம், ஜன்னல் வரைக்கும் தவழ்ந்து போயிருக்கிறார். அந்த முழங்காலோடு எப்படிப் போனாரோ. மெழுகுத் தகடுகள் மிதிபட்டுக் கிடந்தன. மேஜை இழுப்பறைகள் அத்தனையும் தலைகீழாகக் கொட்டப்பட்டிருந்தன. அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மாவு மூட்டையைக் கிழித்து உள்ளே கையை விட்டுத் தேடியிருக்கிறான். ஈறு நிறத்துப் பிசின் டப்பாக்களைக்கூட விடவில்லை.

மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து மேல் வரை அலமாரி. அதில் மாவில் வார்த்த தாடைகள், நூற்றுக்கணக்கில், வரிசை வரிசையாக. பல் கட்ட வந்த ஒவ்வொருவரின் வாயையும் அச்செடுத்து, அடியில் பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தார். அவற்றை மட்டும் கொலைகாரன் தொடவில்லை.

"மேடம், இத்தனை பேர் ஒரே நேரத்துல என்னைப் பாத்துப் பல்லைக் காட்டினது என் கல்யாணத்தன்னிக்குத்தான்."

"பேசிட்டே பாரு. தாடையை ஒளிச்சு வைக்கணும்னா நீ எங்க வைப்ப?"

சைரன் அலமாரியைப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

அரை மணி நேரம் தேடினார்கள். மாவுக்கும் வயசு தெரியும். புதிதில் பால் வெள்ளை, போகப்போக மஞ்சளடிக்கும், பத்து வருஷமானால் டீ நிறத்துக்கு வந்துவிடும். எண் வரிசையில் பார்த்துக்கொண்டே போன சர்வேயரம்மா ஓரிடத்தில் நின்றார். 1175 பழுப்பு. 1177 பழுப்பு. நடுவில் 1176 பளிச்சென்று வெள்ளையாக, மற்றதைவிட இரண்டு மடங்கு பருமனாக உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு கிழத்துக்கு நடுவுல ஒரு பச்சைக் குழந்தை," என்றான் சைரன்.

"கார் டிக்கியில சுத்தியல் இருக்கு. எடுத்துட்டு வா."

அவன் வெளியே வந்தபோது காரின் பின் சக்கரத்தருகே ஒரு மனிதர் மண்டியிட்டிருந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயசிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, பார்த்தால் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி. சைரன் பாய்ந்து போனான். எக்ஸ்ரே பெண் கார் கண்ணாடியை இறக்கி, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பயப்படாதீங்கண்ணா. எங்க குரூப் அண்ணன் இவர், கல்வெட்டு. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நேர்ல பாக்குறேன். மெசேஜ் போட்டேன், உடனே வந்துட்டார்."

அகழி செத்த அன்று குழுவில் எல்லோரையும்விட நீளமாக இரங்கல் எழுதியவர் இவர்தானாம். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு வேலை என்று அக்கறையாக விசாரித்து, தங்கச்சி, தனியாக எங்கும் போகாதே என்று அவளுக்குத் தினமும் காலையில் ஒரு செய்தி அனுப்புவாராம். குழுவிலேயே அதிகப் புள்ளி வாங்கியவரும் இவர்தான். மனிதர் கூச்சத்தோடு தலையாட்டினார். டயரில் ஆணி ஏறியிருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடுகிறேன் தம்பி என்றார். பேசிக்கொண்டே டயர் கழற்றும் இரும்பு லிவரை வைத்து சக்கர மூடியை நெம்பிய வேகத்தைப் பார்த்து, வாத்தியாருக்கு எல்லா வேலையும் தெரியும் போல என்று சைரன் மெச்சிக்கொண்டான்.

"உள்ள ஏதாவது கிடைச்சுதா?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"கிடைக்கப் போகுதுண்ணே. சுத்தியல் ஒண்ணுதான் பாக்கி."

டிக்கியிலிருந்து சுத்தியலை எடுத்து நீட்டியது அவர்தான். சைரன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனான். சும்மா இருக்கத் தெரியாத வாய் அன்று செய்த காரியத்தை நினைத்து அவன் பிற்பாடு எத்தனையோ நாள் தூக்கம் கெட்டுக் கிடந்தான்.

* * *

மூன்றாவது அடியில் மாவுக் கட்டி பிளந்தது. உள்ளே ஈரத் துணி. துணிக்குள்ளே தாடை. ஒரு பக்கத்தில் கீழ்விளிம்பு நொறுங்கியிருந்தது. கிணற்றில் விழுந்து நொறுங்கியதா, அதற்கு முன்பேயா, அது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே கட்டியிருந்த பல் இன்னும் ஆடாமல் நின்றது. கட்டினவன் கெட்டிக்காரன்தான்.

இழுப்பறைக் குப்பையிலிருந்து சர்வேயரம்மா பழைய நோட்டை எடுத்துப் புரட்டினார். எண் 1176. பதினொரு வருஷத்துக்கு முந்திய தேதி. பெண், வயது முப்பத்தொன்று. கணவர்: டயர் பட்டறை. பல் உடைந்த காரணம் என்ற கட்டத்தில், மாடிப்படியில் விழுந்தது என்றிருந்தது. அதற்கு முந்தைய பக்கங்களில் அதே பெண்ணுக்கு இன்னும் இரண்டு பதிவுகள். இரண்டிலும் மாடிப்படி. மூன்றாவதான இந்தப் பதிவின் பக்கத்தில் அகழி பென்சிலால், வீட்டில் மாடி இல்லை என்று அக்கா சொல்கிறாள் என்று எழுதி, அழைத்து வந்த அக்காவின் போன் நம்பரையும் குறித்திருந்தார்.

"ஒரு வருஷத்துல மூணு தடவை," என்றார் சர்வேயரம்மா. "இன்சூரன்ஸ்ல இருந்தப்போ இந்த மாடிப்படியை நான் ரொம்பப் பாத்திருக்கேன். நாலாவது தடவை அவ நேரா கிணத்துக்குப் போயிட்டா."

"அகழிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அப்பவே போலீஸுக்குப் போகாம?"

"ஞாயித்துக்கிழமை விடை சொல்றதுக்காக வச்சிருந்தார். இருநூறு பேர் வாயைப் பிளக்கணும்னு." அவர் குரலில் கோபம் இருந்தது. ரத்தக் கறையைப் பார்த்ததும் அந்தக் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. "விளையாட்டுப் புத்தி. பாவி மனுஷன்."

அவர் பையிலிருந்து பிரிண்ட் எடுத்த தாள்களை உருவினார். காரில் வரும்போதே பதினான்கு பக்கத்தையும் படித்து, ஒன்பதாம் பக்கத்தில் ஓரத்தை மடித்து வைத்திருந்தார்.

"பொய் எதுன்னு முப்பத்திரண்டு பேர் சொல்லியிருக்காங்க. முப்பத்தொரு பேர் தாடைன்னு சொன்னாங்க. நியாயம்தானே? கிணத்துல மனுஷத் தாடை கிடைச்சுதுன்னு எழுதினா எவன் நம்புவான்? ஒருத்தன் மட்டும் நம்பியிருக்கான். வேற ஒண்ணைப் பொய்ங்கறான். இதான் அவன் எழுதினது: பொய், காவல்கோபுரத்துக்கிட்ட குடுத்தது. மத்ததெல்லாம் நிஜம்." அவர் தாளை மடக்கினார். "சரியான விடை. அதனாலதான் அவன் முதல்ல இந்தப் பொண்ணுகிட்ட போகல, அகழிகிட்ட வந்திருக்கான். கட்டினவன் கெட்டிக்காரன்னு படிச்சதும், தன் பொண்டாட்டிக்குப் பல் கட்டினவர்தான் அகழின்னு அவனுக்குப் புரிஞ்சிருக்கும். இங்க கிடைக்கலேன்னதும் அவ மேல சந்தேகம் திரும்பியிருக்கு. அந்தக் கிணத்துல ஆள் இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும் சைரன்? போட்டவனுக்குத்தானே தெரியும். இந்தக் கல்வெட்டுங்கற ஆளை நாம இப்ப..."

அவர் முடிக்கவில்லை. சைரனின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டார்.

"மேடம்," என்றான். "அவன் வெளில நம்ம டயரை மாத்திட்டு இருக்கான்."

* * *

கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பின்சீட்டில் அவள் இல்லை. அவளுடைய செருப்பு ஒன்று மட்டும் நடைபாதையில் கிடந்தது. இருபது அடி தள்ளி ஒரு வெள்ளை வேன். அதன் பின்கதவு சரியாகச் சாத்தப்படாமல் அடித்துக்கொண்டிருந்தது. என்ஜின் உறுமியது.

சைரன் ஓடினான். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. வேன் நகர ஆரம்பித்தபோது ஓட்டுகிறவன் பக்கத்து ஜன்னலில் தொற்றிக்கொண்டு, உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினான். வண்டி குலுங்கி நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து கல்வெட்டு அவனைப் பார்த்தான். அந்த முகத்தில் வாத்தியார் களையெல்லாம் போயிருந்தது. லிவரின் நுனி ஜன்னல் வழியாக நேரே வந்து சைரனின் தோள்பட்டையில் இறங்கியது. உள்ளே எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

விழுந்தவன் சாவியைச் சாக்கடைக்குள் எறிந்துவிட்டு, ஒற்றைக் கையால் கதவைத் திறந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். இருவரும் தெருவில் உருண்டார்கள். மருந்துக்கடைக்காரர் கத்திக்கொண்டே போனை எடுத்தார். இரண்டாவது அடி சைரனின் தொடையில். கால் மரத்துப்போனது. கல்வெட்டு எழுந்து, ஒரு காலை அவன் மார்பில் வைத்து, நிதானமாக இரண்டு கையாலும் லிவரை ஓங்கினான். இப்படித்தான் அகழியையும் பார்த்து ஓங்கியிருப்பான்.

அந்தக் கணத்தில் வேனின் பின்னாலிருந்து எக்ஸ்ரே பெண் வந்தாள். வாயில் டேப், நெற்றியிலிருந்து கண் வரைக்கும் ரத்தம். தூக்க முடியாத அந்த வலது கையைத் தோளோடு சேர்த்துச் சுழற்றி, மாவுக்கட்டை அவன் மூக்கின் மேல் இறக்கினாள். கட்டு பிளந்தது. மூக்கும் பிளந்தது. அவன் அலறினான். ஒட்டிய வாய்க்குள்ளேயே அவளும் அலறினாள், உடைந்த விரல்கள் மறுபடி உடைந்த வலியில்.

அவன் தடுமாறி மண்டியிட்டான். மறு நொடியே அவள் கூந்தலைப் பிடித்துத் தலையைத் தரையோடு அமுக்கினான். லிவர் உயர்ந்தது.

சர்வேயரம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தது அப்போதுதான். கையில் சுத்தியல். ஐம்பத்தெட்டு வயசில் அவர் யாரையும் அடித்ததில்லை. ஒரே ஒரு முறைதான் வீசினார். ஓங்கிய மணிக்கட்டு உடைந்து, லிவர் தெருவில் விழுந்து உருண்டது. சைரன் ஊர்ந்து போய் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, தன் எடை மொத்தத்தையும் இறக்கினான். எனக்கு ஒரு கைதான் வேலை செய்யுது, ஆனா தொண்ணூத்தாறு கிலோவும் வேலை செய்யுது, அசையாமல் கிட என்றான்.

வாயெல்லாம் ரத்தத்தோடு கீழே கிடந்தவன் பேசினான். குரல் இப்போதும் மரியாதையாகத்தான் இருந்தது. "நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. என் பொண்டாட்டி ஓடிப்போனவ. ஊருக்கே தெரியும்."

"உன் பொண்டாட்டியைப் பத்தி நாங்க இன்னும் ஒரு வார்த்தை பேசலையே," என்றார் சர்வேயரம்மா.



* * *

போலீஸ் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது. தம்பியைச் சாயங்காலமே விட்டுவிடுவோம் என்று சொன்னார்கள். அதைக் கேட்ட தம்பி மனைவி படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மற்றதை சர்வேயரம்மா வாக்குமூலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியைக் கிணற்றில் போட்டவன், அந்த லாயத்தைப் பற்றி எவன் பேசினாலும் காதில் விழ வேண்டும் என்றுதான் சரித்திரக் குழுவிலேயே சேர்ந்திருக்கிறான். யாராவது அங்கே போகலாமா என்று கேட்டால், அங்கே பாம்பைத் தவிர ஒன்றுமில்லை என்று எட்டு வருஷமாக அவன்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் படியில் எக்ஸ்ரே பெண்ணும் சைரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு நெற்றியில் ஏழு தையல் போட வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கிறோம் என்பதை நம்பாதவள் மாதிரி இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தாடைப் பொட்டலத்தை, போலீஸ் கேட்கும் வரை தன்னிடம் இருக்கட்டும் என்று மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த நோட்டைக் கேட்டாள்.

அக்காவிடம் தானே பேச வேண்டும் என்றாள். சர்வேயரம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பதினொரு வருஷத்து நம்பர் இருக்காது என்றார். அவள் கேட்கவில்லை. இன்றைக்குக் கிணற்றில் கிடந்த அந்தப் பெண்ணுக்கும் தனக்கும் நடுவே அரை நிமிஷம்தான் வித்தியாசம் என்று சொன்னாள். சைரன் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவள் இடது கையில் கொடுத்தான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். வயசான குரல். இவள் தங்கையின் விஷயமாகக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குரல் பேச ஆரம்பித்துவிட்டது.

"பேசறாளா? அவ பேசறாளாம்மா? அவ என்னிக்காவது கூப்பிடுவான்னுதான் இந்த நம்பரை நான் மாத்தவே இல்ல. ஓடிப்போனான்னு சொன்னப்போ நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். கோவமெல்லாம் என்னிக்கோ போயிடுச்சுன்னு சொல்லுங்க. எங்க இருக்கா?"

எக்ஸ்ரே பெண் கண்ணை மூடிக்கொண்டாள். போனில் சொல்ல வேண்டாம், நேரில் சொல்லலாம் என்று சர்வேயரம்மா கையால் சைகை காட்டினார்.

"வீட்டு விலாசம் சொல்லுங்கக்கா," என்றாள். "நாங்க நேர்ல வர்றோம்."

விலாசம் வந்தது. சைரன் வேலை செய்த ஒற்றைக் கையால் அதைத் தாளில் எழுதிக்கொண்டான். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம். யாரிடமோ கதவைத் திறந்து வை என்று சொல்லும் சத்தம். அப்புறம் குரல் திரும்ப வந்தது, கொஞ்சம் பயந்து, ரொம்ப மெல்ல.

"அவளும் வர்றாளா?"

எக்ஸ்ரே பெண் தன் மடியில் இருந்த ஈரத் துணிப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "நாங்க கூட்டிட்டு வர்றோம்."